வளர்ப்பு முயலுக்கு மருத்துவம் வந்த வரலாறு

முயல் தன் வலியை வெளியே காட்டிக்கொள்ளாது. நரிக்கும் கழுகுக்கும் இரையாகும் உயிர் நோய்ப்பட்டது தெரிந்தால் அதுவே அதற்கு ஆபத்து. ஆகவே நோயுற்ற முயல் முனகாது, குரல் எழுப்பாது. கூண்டின் மூலையில் உடலைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும், தீவனத்தைத் தொடாது. வளர்ப்பவர் கண்ணில் அது படுவதற்குள் நோய் பாதித் தூரம் போயிருக்கும். காலையில் துள்ளித் திரிந்த முயல் மாலையில் செத்துக் கிடந்ததைப் பார்த்துத் திகைத்தவர்கள் முயல் வளர்க்கும் நாடுகள் எல்லாவற்றிலும் உண்டு. இந்தத் திடீர்ச் சாவுகளுக்கும், காரணம் தெரியாமல் சாய்ந்த தலைகளுக்கும், வற்றாமல் வடிந்த கண்ணீருக்கும் விளக்கம் தேடி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் பெரும்பகுதி முயலைக் காப்பாற்றுவதற்காக நடந்ததல்ல. இறைச்சிப் பண்ணைக்காகவும், மனித நோய்களை அறிவதற்காகவும், சில வேளை முயலை அழிப்பதற்காகவும் திரட்டிய அறிவு வீட்டு முயலின் மருத்துவரிடம் வந்துசேர ஐம்பது, அறுபது ஆண்டுகள் பிடித்தன.

இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் முயல்கள் அனைத்தும் ஸ்பெயின், போர்ச்சுகல், தென் பிரான்ஸ் பகுதிகளில் மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தவை. தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் ஓடும் முயல் வேறு இனம்; அது வளை தோண்டுவதில்லை, கூண்டு வாழ்க்கைக்கும் பழகியதில்லை. ரோமர்கள் மதில் சூழ்ந்த தோட்டங்களில் முயல்களை இறைச்சிக்காக வைத்திருந்தார்கள். இடைக்கால ஐரோப்பாவில் மடங்களும் பிரபுக்களும் அதைத் தொடர்ந்தனர். கூட்டமாக அடைத்து வைத்த இடங்களில் குட்டிகள் வயிறு உப்பிக் கழிந்து சாவது வழக்கமாக இருந்தது. அதற்கான காரணங்களில் ஒன்றை மனிதக் கண் முதலில் கண்டது 1674இல். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆண்டனி வான் லேவன்ஹூக் தாமே செய்த உருப்பெருக்கியின் அடியில் ஒரு கிழ முயலின் பித்தநீரை வைத்துப் பார்த்தபோது முட்டை வடிவத் துகள்கள் தெரிந்தன. அவை என்னவென்று அவருக்குத் தெரிய வழியில்லை. கல்லீரலைத் தாக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் கருமுட்டைகள் அவை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உறுதியானது. அந்தக் கருமுட்டைகள் புழுக்கையோடு வெளியேறி, ஈரத்தில் முதிர்ந்து, தீவனத்தோடு மறுபடி வயிற்றுக்குள் போகின்றன. புழுக்கை கீழே விழும்படி கம்பிவலைத் தளம் போட்ட கூண்டுகளும், பின்னர் சல்பா மருந்துகளும் வந்தபின் பண்ணைகளில் அந்தச் சாவு குறைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முயல் வளர்ப்பு ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. தொங்குகாது முயலுக்கும் புள்ளி முயலுக்கும் கண்காட்சிகளும் பரிசுகளும் ஏற்பட்டன. வளர்ப்பவர்களுக்கான சிறு கையேடுகள் அச்சாயின. அவற்றில் மருத்துவப் பகுதி மிகவும் மெலிந்தது. மூக்கு ஒழுகினால் சளி, வயிறு உப்பினால் ஈரக்கீரை, கால் இழுத்தால் குளிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எளிய காரணம் சொல்லப்பட்டது. கால்நடை மருத்துவக் கல்லூரிகள் குதிரையையும் மாட்டையும் கற்பித்தன. முயலின் விலையைவிட மருத்துவரின் கட்டணம் அதிகம் என்பதால் நோய்ப்பட்ட முயலைக் கொன்று புதைப்பதே நடைமுறையாக இருந்தது. பிள்ளைகள் கொஞ்சி வளர்த்த முயலுக்கும் கிடைத்தது இதே முடிவுதான்.

முயலின் உடலைப் பற்றிய அடிப்படை உண்மை ஒன்று கண்டறியப்பட்டு, பின் மறக்கப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். முயல் இருவகைப் புழுக்கை போடுகிறது என்றும், மிருதுவான வகையை ஆசனவாயிலிருந்தே நேராக வாயில் எடுத்து மெல்லாமல் விழுங்குகிறது என்றும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் மொரோ 1882இல் விளக்கமாக எழுதினார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1939, 1940 ஆண்டுகளில் மாட்சென், டெய்லர் ஆகியோர் எழுதிய குறிப்புகளுக்குப் பிறகே அது அறிவியல் உலகில் நிலைபெற்றது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் முயலுக்குப் பெரிய பை ஒன்று உண்டு. அதில் நுண்ணுயிரிகள் நாரைப் புளிக்கவைத்துப் புரதமும் பி வைட்டமின்களும் உண்டாக்குகின்றன. அந்தச் சத்து மிருதுவான புழுக்கையில் வெளியே வருகிறது. அதைத் திரும்ப உண்டால்தான் உடலில் சேரும். மாடு அசைபோட்டுப் பெறுவதை முயல் இவ்வழியில் பெறுகிறது.

இந்த ஒரு செய்தி தெரியாததால் விளைந்த குழப்பம் பெரிது. முயலின் பின்பக்கத்தில் கூழ்போன்ற மலம் ஒட்டியிருப்பதைக் கண்டால் வயிற்றுப்போக்கு என்றே வளர்ப்பவர்கள் கருதினார்கள். பெரும்பாலும் அது வயிற்றுப்போக்கு அல்ல. முயல் உண்ணாமல் விட்ட மிருதுவான புழுக்கை. உடல் பருத்ததாலோ, முதுகெலும்பு வலியாலோ, பல் வலியாலோ குனிந்து எடுக்க முடியாமல் போயிருக்கும். அல்லது மாவுச்சத்து மிகுந்த தீவனத்தால் பையின் நுண்ணுயிர்க் கூட்டம் மாறியிருக்கும். மருந்து தேட வேண்டிய இடம் குடலாக இருக்காது.

முயலின் புதிர்களில் ஆழமானது தலை சாய்தல். நேற்றுவரை நன்றாக இருந்த முயலின் தலை ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். கண்மணிகள் இடவலமாகத் துடிக்கும். எழ முயன்றால் உருண்டு விழும். சில முயல்களுக்குப் பின்னங்கால்கள் செயலிழக்கும். 1922இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ரைட், கிரெய்க்ஹெட் என்ற இரு ஆய்வாளர்கள் இளம் முயல்களிடையே பரவிய வாதநோய் ஒன்றை விவரித்தார்கள். மூளையிலும் சிறுநீரகத்திலும் நுண்ணிய உயிரி ஒன்றைக் கண்டார்கள். மறு ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் லெவாதிதி, நிக்கோலாவ், ஷோன் ஆகிய மூவரும் அதற்கு என்செபலிடோசூன் குனிகுலி என்று பெயரிட்டார்கள்.

ஆய்வுக்கூடங்களுக்கு இந்த உயிரி ஒரு தொல்லையாகத்தான் தெரிந்தது. முதல் உலகப் போரையொட்டி ஐரோப்பாவில் பரவிய உறக்க மூளைக்காய்ச்சலின் காரணத்தைத் தேடியவர்கள் மனித நோயாளிகளின் திசுவை முயலின் மூளையில் செலுத்திப் பார்த்தார்கள். முயலின் மூளை வீங்கியதும் நோய்க்காரணி கிடைத்துவிட்டதாக அறிவித்தவர்கள் உண்டு. எந்த ஊசியும் போடாத முயல்களின் மூளையிலும் அதே புண்கள் இருந்தது பிறகே தெரியவந்தது. நம்பகமற்ற சோதனைகளைத் தவிர்க்க, இந்த ஒட்டுண்ணி இல்லாத முயல் கூட்டங்களை உருவாக்கும் பணி தொடங்கியது. இரத்தப் பரிசோதனையால் தொற்றுள்ளவற்றைக் கண்டறிந்து நீக்கும் முறை வந்தபின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வுக்கூட முயல்கள் பெருமளவு தூய்மையாயின. வீட்டு முயல்களை அந்தப் பரிசோதனை எட்டவில்லை. தலை சாய்ந்த வீட்டு முயலுக்குக் காதில் சீழ் என்றோ பக்கவாதம் என்றோ சொல்லிக் கருணைக்கொலை செய்வது தொடர்ந்தது.

நிலைமை மாறியது 2000ஐ ஒட்டித்தான். குடற்புழு நீக்க மருந்தான ஃபென்பெண்டசோல் இந்தத் தொற்றைத் தடுக்கவும் குணப்படுத்தவும் பயன்படுவதாக 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரிட்டனில் நலமாகத் தோன்றும் வீட்டு முயல்களைச் சோதித்தபோது ஏறத்தாழ பாதிக்கு இந்த ஒட்டுண்ணிக்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தது. இதனால் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. எதிர்ப்பொருள் இருப்பதால் மட்டும் தலைச்சாய்வுக்கு இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. முயல் என்றோ தொற்றைத் தாங்கித் தேறியிருக்கலாம். உட்காதில் சீழ் பிடித்தாலும் தலை இதேபோல்தான் சாயும். சி.டி. ஸ்கேன் காதைப் பற்றிச் சொல்லும். மூளையில் ஒட்டுண்ணி உள்ளதா என்பதை உறுதியாகச் சொல்ல இறந்தபின் திசுவைப் பார்க்க வேண்டும். ஆகவே மருத்துவர்கள் மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, வழக்கமாக 28 நாள் மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். தலை முழுவதும் நிமிராமலே பல ஆண்டுகள் நிறைவாக வாழ்ந்த முயல்கள் ஏராளம். கருணைக்கொலைக்கு அவசரப்பட்ட பழைய வழக்கம் தவறு என்பதற்கு அவையே சான்று.

பெண் முயலின் கருப்பைப் புற்றுநோய் இதே தாமதத்தின் இன்னொரு முகம். 1930களின் இறுதியில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஹாரி கிரீன், வயதான பெண் முயல்களில் கருப்பைக் கட்டிகள் அடிக்கடி வருவதைக் கண்டு விரிவாக எழுதினார். மனிதப் புற்றுநோயை அறிய அது நல்ல மாதிரி என்பதே அவரது அக்கறை. நான்கு வயதைத் தாண்டிய முயல்களில் பாதிக்கு மேற்பட்டவை இதற்கு ஆளாவதைப் பின்வந்த ஆய்வுகள் சில கூட்டங்களில் கண்டன. பண்ணைக்காரருக்கு இது பொருட்டல்ல; அவருடைய முயல்கள் அந்த வயதை எட்டுவதில்லை. வீட்டில் ஆறேழு ஆண்டு வளர்ந்த முயல்களோ சிறுநீரில் இரத்தம் கலந்து, மெலிந்து, காரணம் தெரியாமலே இறந்தன. இங்கும் ஒரு குழப்பம் உண்டு. முயலின் சிறுநீர், தாவர நிறமிகளாலும் உடலின் நிறமிகளாலும், செம்பழுப்பாக இருப்பது இயல்பு. சிவந்த சிறுநீரைக் கண்டு வீணாக அஞ்சியவர்களும் உண்டு. உண்மையான இரத்தத்தை நிறமி என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. சோதனைக் குச்சியை நனைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தீரும் ஐயம் இது.

கூட்டம் கூட்டமாகக் கொன்ற இரண்டு கொள்ளைநோய்களின் வரலாறு இதைவிடப் பரவலாக அறியப்பட்டது. 1896இல் உருகுவேயின் மான்டிவிடியோவில் ஜுசெப்பே சனரெல்லியின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஐரோப்பிய முயல்கள் கண்ணிமையும் பிறப்புறுப்பும் வீங்கி ஒட்டுமொத்தமாக மாண்டன. மிக்சோமடோசிஸ் என்ற அந்த நோய் தென்னமெரிக்கக் காட்டு முயலுக்கு ஒரு சிறு கட்டியோடு போய்விடும். ஐரோப்பிய முயலைக் கொன்றுவிடும். ஆஸ்திரேலியா 1950இல் பெருகிப்போன காட்டு முயல்களை ஒழிக்க இதைப் பரப்பியது. கொசுக்கள் அதைச் சுமந்து சென்றன. 1952இல் பிரான்சில் அர்மான்-தெலீல் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் தம் தோட்டத்து முயல்களை ஒழிக்க இரண்டு முயல்களுக்கு அந்த வைரஸைச் செலுத்தி விட்டார். தோட்ட மதிலுக்குள் அது நிற்கவில்லை. 1953இல் கடல் தாண்டி இங்கிலாந்தின் கென்ட் பகுதியை அடைந்தது. இரண்டே ஆண்டுகளில் பிரிட்டனின் காட்டு முயல்களில் பெரும்பகுதி அழிந்தது. தோட்டத்துக் கூண்டில் பிள்ளைகள் வளர்த்த முயல்களும் தெள்ளுப்பூச்சியின் கடியால் குருடாகிச் செத்தன. ரிச்சர்டு ஷோப் 1932இல் அமெரிக்கக் காட்டு முயலில் கண்டறிந்த, தீங்கு குறைந்த நெருங்கிய உறவு வைரஸ் ஒன்றே இதற்குத் தடுப்பூசியாகப் பயன்பட்டது.

இரண்டாவது நோய் வெளித்தடயம் அதிகம் விடாதது. 1984இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து வந்திறங்கிய அங்கோரா முயல்களிடையே தொடங்கியது. நன்றாக இருந்த முயல் ஒன்றிரண்டு நாளில், சில வேளை ஓர் அலறலோடு, விழுந்து செத்தது, மூக்கில் இரத்தம் கசிந்தது, கல்லீரல் கெட்டிருந்தது. ஈராண்டில் இத்தாலியை அடைந்தபோது அங்கே அதை ‘எக்ஸ் நோய்’ என்றே அழைத்தார்கள். நச்சுத் தீவனமா, பார்வோ வைரஸா, கலிசி வைரஸா என்று சில ஆண்டுகள் வாதம் நடந்து, கலிசி வைரஸ் என்று முடிவானது. அந்த வைரஸ் ஆய்வுக்கூடச் செல்களில் வளர மறுத்ததால், நோயுற்ற முயல்களின் கல்லீரலிலிருந்தே நெடுங்காலம் தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டிகள் மட்டும் இதிலிருந்து தப்பின. 2010இல் பிரான்சில் தோன்றிய இரண்டாம் வகை வைரஸ் குட்டிகளையும் விட்டுவைக்கவில்லை. பழைய தடுப்பூசி அதற்கு எதிராகப் போதவில்லை.

வீட்டு முயலின் நோயை அதன் பொருட்டே ஆராயும் காலம் 1980களில் பிறந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மேரினெல் ஹாரிமன், முயலை வீட்டுக்குள்ளேயே குடும்பத்தில் ஒருவராக வளர்ப்பது பற்றி 1985இல் ஒரு நூல் எழுதினார். 1988இல் அங்கே ஹவுஸ் ராபிட் சொசைட்டி தொடங்கியது; 1996இல் பிரிட்டனில் அதையொத்த சங்கம் அமைந்தது. கொல்லைக் கூண்டில் வாழும் முயலை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள். கூடத்தில் திரியும் முயலைப் பொழுதெல்லாம் பார்ப்பார்கள். எப்போது உண்டது, புழுக்கை சிறுத்ததா, எந்தப் பக்கம் மெல்கிறது என்று சொல்லத் தெரிந்த வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் வந்தார்கள். புத்தகத்தில் விடை இல்லாத கேள்விகளை அவர்கள் கேட்டதே மருத்துவத்தை நகர்த்தியது. கருப்பைப் புற்றைத் தடுக்க இளம் வயதிலேயே கருத்தடை அறுவை செய்யும் வழக்கமும் இவர்களால்தான் பரவியது.

பல் நோயின் புதிர் அவிழ்ந்தது இந்தச் சூழலில். முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. வெட்டுப்பல் வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் வளரும். 1990களில் வீட்டு முயல்களில் பெருந்தொகையானவை கண்ணில் நீர் வடிந்து, தாடையில் சீழ்க்கட்டி கண்டு, உண்ண முடியாமல் மெலிந்தன. கண்ணுக்குச் சொட்டு மருந்து, கட்டிக்கு அறுவை, நீண்ட வெட்டுப்பல்லுக்கு வெட்டுக்கருவி என்று தனித்தனியாக மருத்துவம் நடந்தது. யார்க்‌ஷயரில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் ஃப்ரான்செஸ் ஹார்கோர்ட்-பிரவுன் 1996இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இவற்றை ஒரே நோயாகச் சேர்த்துப் பார்த்தது. கண்ணீர்க் குழாய் மேல்தாடைப் பற்களின் வேரை ஒட்டி ஓடுகிறது. வேர் உள்நோக்கி நீண்டால் குழாய் நசுங்கி நீர் கன்னத்தில் வடியும். கடைவாய்ப் பற்களின் கூர்முனை நாக்கைக் கிழிக்கும். தானியமும் பட்டாணியும் கலந்த தீவனத்தில் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னும் முயலுக்குச் சுண்ணாம்புச்சத்து குறைந்து எலும்பு மெலிகிறது, பல் ஆட்டம் காண்கிறது என்பது அவரது வாதம். டேவிட் கிராஸ்லி உள்ளிட்ட பல் மருத்துவ நிபுணர்கள் வேறு கோணம் எடுத்தார்கள்: நாரில்லாத தீவனம் பல்லைத் தேய்ப்பதில்லை, அதனால்தான் வேர் நீள்கிறது என்றார்கள். விவாதம் முழுதாகத் தீரவில்லை. இரு தரப்பும் பரிந்துரைத்த உணவு ஒன்றே என்பதால் முயலுக்கு அதனால் இழப்பில்லை: புல், காய்ந்த புல், இலைகள், சிறிதளவு குச்சித் தீவனம். கலவைத் தீவனத்தின் கேட்டை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வுகள் பின்னர் உறுதிசெய்தன.

குடல் இயக்கம் நின்றுபோவது முயலைக் கொல்லும் காரணங்களில் முக்கியமான ஒன்று. முயல் வாந்தி எடுக்காது. தன் உரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யும்போது விழுங்கிய முடி இரைப்பையில் எப்போதும் இருக்கும். இறந்த முயலின் இரைப்பையில் முடி உருண்டையைக் கண்டவர்கள் அதுவே சாவுக்குக் காரணம் என்று நினைத்து அன்னாசிச் சாறும் பப்பாளி மாத்திரையும் கொடுத்தார்கள். அறுவை செய்து முடியை எடுக்கவும் செய்தார்கள், பல முயல்கள் மேசையிலேயே இறந்தன. நிகழ்ச்சியின் வரிசை தலைகீழானது என்பது மெல்லத் தெளிந்தது. வலியாலோ அச்சத்தாலோ நாரில்லாத உணவாலோ முதலில் குடல் மெதுவாகிறது. இரைப்பையின் நீர் உறிஞ்சப்பட்டு, அங்கிருந்த முடி இறுகுகிறது. நீரேற்றமும், வலி நீக்கமும், சிரிஞ்சில் ஊட்டும் நார்க்கூழும் கத்தியின் இடத்தைப் பிடித்தன.

மருந்தே நோயான கதையும் இதனோடு சேர்ந்தது. நாய்க்கும் பூனைக்கும் கொடுத்துப் பழகிய அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தபோது முயலின் குடற்பையில் நல்ல நுண்ணுயிரிகள் மடிந்து, நச்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் வகை பெருகி, மூக்கொழுகலுக்கு மருந்து தின்ற முயல் கழிச்சலில் இறந்தது. தெள்ளுப்பூச்சிக்கு நாய்களின் முதுகில் விடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சாயிற்று. வெப்பநாடுகளில் இன்னொரு திடீர்ச் சாவு உண்டு. முயலுக்கு வியர்க்காது, வெப்பத்தைப் பெரும்பாலும் காது வழியாகவே வெளியேற்றும், 30 டிகிரியைத் தாண்டினால் திணறும். தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் நடப்பதற்கு மலைக் குளிர்ச்சி நன்கு துணைநிற்கிறது. சமவெளியில் மொட்டைமாடித் தகரக் கூரையின் கீழ் வைத்த முயல் சித்திரை வெயிலில் இறந்தால் அதற்கு வேறு நோய் தேட வேண்டியதில்லை.

2008இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மயக்க மருந்து தொடர்பான சாவு நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24 விழுக்காடு, முயல்களில் 1.39 விழுக்காடு என்று கணக்கிட்டது. இந்த இடைவெளிக்கு முயலின் மென்மை பாதிக் காரணம். முயலுக்கு மயக்கம் கொடுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்குக் குறைவாக இருந்தது மறுபாதி. 2012இல் நியூகாசில் ஆய்வாளர்கள் முயலின் முகத்தில் வலியைப் படிக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். கண் சுருங்குவது, கன்னம் தட்டையாவது, மூக்கு கூர்மையாவது, மீசை நிற்கும் விதம், காது மடியும் விதம் என்று ஐந்து குறிகளுக்கு மதிப்பெண் இட்டு, வெளியே தெரியாத வலியை அளக்க முடிந்தது. ஆயினும் வளர்ப்பவர் கண்ணில் முதலில் படுவது தொடாத தீவனமும் காலியான புழுக்கைத் தட்டும்தான். அரைநாள் உண்ணாமலோ புழுக்கை போடாமலோ இருக்கும் முயலை அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மறுநாள்வரை பொறுத்துப் பார்க்கக் கூடாது.